உன் பயணத் திட்டத்தில் எங்களுக்கு முக்கால் மணி நேரம்

சோலுலா, ஜனவரி 12

அன்பு மகள் ஸுலேமாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். எரிமலை நேற்றும் சாம்பல் தூவியதால் துவைத்த துணியையே அம்மா மறுபடி துவைத்தாள், மற்றபடி குறையில்லை. டொராண்டோ குளிரில் நீயும் மாப்பிள்ளை டங்கனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய பயணத் திட்டம் கிடைத்தது. திருத்தித் தரும்படி கேட்டிருந்தாய். முப்பத்து நான்கு வருடம் சிவப்புப் பென்சில் பிடித்தவனிடம் இப்படிக் கேட்கலாமா? தாளை அச்செடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் விரித்துவிட்டேன்.

ஆறு நாள், ஆறு ஊர். தலைநகரம், தியோத்திவாகான் பிரமிடில் சூரிய உதயம், பிறகு நம் ஊர், பிறகு வஹாகா, மெரிடா, கடைசியில் சிச்சேன் இட்சா. என் வகுப்பில் கிறிஸ்பின் என்று ஒரு பையன் இருந்தான். பக்கத்துப் பூவெப்லாவிலிருந்து மெரிடா எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு, வரைபடத்தில் கட்டைவிரலை வைத்து அளந்து, இரண்டு விரல் தூரம் என்று எழுதினான். அவனுக்குப் பூஜ்யம் போட்டேன். நீயும் கைப்பேசியில் கட்டைவிரலால்தான் அளந்திருக்கிறாய், ஆனாலும் மகள் என்பதால் நூற்றுக்கு முப்பது போட்டிருக்கிறேன். தலைநகரில் டாக்கோ சாப்பிட மூன்று வாரத்துக்கு முன்பே இடம் பதிவு செய்திருப்பதைத் தோரிபியோ மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்துப் புரையேறி, "நின்னுக்கிட்டே திங்கிற சாமானுக்கு நாற்காலி பதிவு பண்ணுறாளா? சட்டையில சாறு வழியலைன்னா அது டாக்கோவே இல்ல, சொல்லி வைங்க மச்சான் அவகிட்ட" என்றார்.

நிறங்களையும் கவனித்தேன். உணவுக்குப் பச்சை, கலாசாரத்துக்குச் சிவப்பு, சிதைவுகளுக்குப் பழுப்பு. முப்பதாம் தேதி பன்னிரண்டே காலிலிருந்து ஒரு மணி வரை 'பெற்றோர்' என்று இருக்கிறது, அதுவும் பழுப்பு நிறத்தில். நம் ஊர்ப் பிரமிடுக்கு நாற்பது நிமிடம், எங்களுக்கு நாற்பத்தைந்து. ஐந்து நிமிடம் கூடுதல் என்பதில் எனக்குப் பெருமைதான். அம்மாவுக்குத்தான் விளங்கவில்லை. "முக்கா மணி நேரமா? நாலு வருஷம் கழிச்சு வர்றவளுக்கு அடுப்புல தண்ணி கொதிக்கிறதுக்குள்ள பஸ்ஸா?" என்றாள். மூன்று மணிக்குத்தான் இந்த ஊரில் மேசையில் தட்டு வைப்போம் என்பதும், சாப்பிட்ட பிறகு இருட்டும்வரை யாரும் எழுந்திருப்பதில்லை என்பதும் உனக்கு மறந்துவிட்டதா? எழுந்த பிறகும் வாசலில் நின்று விடைபெற முக்கால் மணி நேரம் ஆகும். உன் திட்டப்படி நீ உள்ளே வராமலே விடைபெற்றுப் போகலாம்.

இதைவிடப் பெரிய பிழை பிப்ரவரி இரண்டாம் தேதியில் இருக்கிறது. மூன்று ராஜாக்கள் திருநாளன்று வளைய ரொட்டி வெட்டினோம், வழக்கம்போல் உன் பெயருக்கும் ஒரு துண்டு வைத்தோம். உன் துண்டில் குழந்தை இயேசு பொம்மை வந்திருக்கிறது! ஒன்றல்ல, இரண்டு. மாமா மேசையைத் தட்டி, "ஊர்லயே இல்லாதவளுக்கு ரெண்டு பொம்மையா! கனடாவுல இருந்தே கையை நீட்டிட்டாளா?" என்றார். அவர் பேசலாமா? போன வருடம் தன் பொம்மையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் இருந்தே மாட்டிக்கொண்டவர். ரொட்டிக்குள் வைத்துச் சுடும் பொம்மை யாருக்கு வந்ததோ அவர்தான் இரண்டாம் தேதி எல்லோருக்கும் சோளத்தோகையில் மாவு பொதிந்து தமாலே அவித்துப் போட வேண்டும் என்பதை டங்கனுக்கு எடுத்துச் சொல். தெருவில் இருபத்தாறு பேர் உன் தமாலேக்குக் காத்திருக்கிறார்கள். அம்மா சோளத்தோகை வாங்கி ஊறப்போடும் பாத்திரம்கூடத் தேய்த்துவிட்டாள். உன் திட்டத்தில் நீ அன்று சிச்சேன் இட்சாவில் குறித்த நேரத்துக்குப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாய்.

ஆகவே என் திருத்தம் இது. தலைநகரமும் தியோத்திவாகானும் இரண்டு நாள், வஹாகா ஒரு நாள், மீதி மூன்று நாளும் இங்கே. மெரிடா, சிச்சேன் இட்சா என்று யுகாடான் பக்கம் முழுவதையும் அடித்துவிட்டேன். அந்தக் கற்கள் ஆயிரம் வருடமாக அங்கேயே இருக்கின்றன, உன் அம்மாவுக்கு எழுபத்தொன்று. உண்மையான உணவு அனுபவம் வேண்டும் என்று மாப்பிள்ளை எழுதியிருக்கிறார் அல்லவா? நூறு தோகைக்கு மாவு தடவட்டும், கட்டணம் கிடையாது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், வாத்தியார் பொய் சொல்லக்கூடாது. இரண்டில் ஒரு பொம்மை என்னுடையது. என் பல்லில்தான் தட்டுப்பட்டது. அம்மா சாக்லேட் பானம் எடுக்க அடுப்பங்கரைக்குப் போன நேரத்தில் உன் துண்டின் அடியில் செருகினேன். மற்றது எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. ஆனால் மேசையைத் துடைக்கும்போது பார்த்தேன், அம்மா தொடாமல் வைத்திருந்த தன் துண்டின் நடுவில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

குவாதலூப்பே மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். அம்மா நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் தரச் சொன்னாள். வரும்போது அவளுக்குக் கம்பளிக் காலுறை மறக்காதே. பொம்மைகள் இரண்டும் சர்க்கரை டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன. ஓட்டையைப் பற்றி அவளிடம் மூச்சுவிடாதே.

அன்புள்ள அப்பா,
எவாரிஸ்தோ