மார்கழியில் நிறுத்திய நடை

இன்று காலை செல்வி எண்ணெய் காய்ச்சினாள். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைகிற வாசனை அடுப்படியிலிருந்து என் கட்டில்வரை வந்தது. செல்வி நம் மருமகள். அவள் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். அத்தைக்குக் குளிரில் கால் குடையுமே என்றுதான் காய்ச்சினாள், பாவம். அது உங்கள் கால் வாசனை என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

எனக்கும் இப்போது கால் போய்விட்டது. கார்த்திகையில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். எழுப்பி நடக்கவைக்க ஒரு பிசியோதெரபி பெண் பக்கத்து ஊர் பாடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தாள். ஐந்து நாளாக வரவில்லை. நான்தான் வர வேண்டாம் என்றேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றுகிறேன்.

கம்பெனியில் முப்பது வருஷம் லேத் மெஷின் முன்னால் நின்ற கால் உங்களுடையது. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தபிறகும், அந்த வருஷம் கார்த்திகைக்குள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனீர்களே! "இன்னும் ஒரு மாசத்துல அம்பத்தூர் மார்க்கெட்டுக்கே நடந்து போறேன் பாரும்மே" என்று பீற்றிக்கொண்டீர்கள். அப்புறம் மார்கழி வந்தது. ஏரிப் பக்கமிருந்து பனி இறங்கி ஜன்னல் கம்பியெல்லாம் நனைந்து கிடக்கும். காலைத் தொட்டாலே அலறினீர்கள். அந்த வாரம்தான், பயிற்சி கொடுக்க வந்தவர் இனி வாக்கர் இல்லாமல் நடக்கப் பழக்கலாம் என்றார். நான் அவரை வாசலிலேயே மறித்தேன்.

"மார்கழில புதுசா எதையும் ஆரம்பிக்கக் கூடாது சார். தை பொறக்கட்டும், நானே போன் பண்றேன்."

பரீட்சை தள்ளிப்போன பிள்ளை மாதிரி உங்கள் முகம் மலர்ந்தது. அந்த முகத்துக்காகத்தான் செய்தேன். கற்பூர எண்ணெய் தேய்த்து, கம்பளி போர்த்தி, குரங்குக் குல்லா மாட்டி உங்களை ராஜா மாதிரி படுக்கவைத்தேன்.

பொங்கலன்று பையனும் நானும் தூக்கி நிறுத்தினோம். இடது குதிகால் தரையில் படவில்லை. முட்டி மடங்கினபடியே இருந்தது. நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். "இன்னாம்மே, இது என் காலுதானா?"

நான் பொங்கல் பானையைப் பார்க்கப் போய்விட்டேன். அதன்பிறகு நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. படுத்தே கிடந்து, சளி கட்டி, ஆடியில் போனீர்கள். டாக்டர் என்னென்னவோ காரணம் சொன்னார். எனக்கு ஒரே காரணம்தான் தெரியும்.

போன வாரம் பையன் என்னிடம் சொன்னான்: "யம்மா, செம பனியா கீது. உடம்ப அலட்டிக்காத. பொங்கல் கழிச்சி நடந்துக்கலாம்." ஐயோ, எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா! எழுந்து நின்றால் உள்ளே கம்பி நழுவிவிடுமோ என்று பயம். மறுபடி விழுந்துவிடுவேனோ என்று பயம். முட்டிக்கு அடியில் தலையணையை வைத்துக்கொண்டு சுகமாகப் படுத்துவிட்டேன்.

செல்வி இன்று அந்தத் தலையணையை எடுத்துவிட்டு எண்ணெய் தேய்த்தாள். "அத்தே, கால நல்லா நீட்டுங்க" என்றாள். நீட்டினேன். நீளவில்லை. முட்டிக்கும் மெத்தைக்கும் நடுவில் அவள் கை நுழைகிற அளவுக்கு இடைவெளி. அந்தக் குளிரிலும் எனக்கு வேர்த்துக் கொட்டியது.

"அந்தப் பொண்ணுக்குப் போன் போடு."

"பனியா கீதே அத்தே, அவரு வேணான்னு..."

"பனியாவது ஒண்ணாவது! போடுடி!"

பதினொரு மணிக்கு அந்தப் பெண் வந்தாள். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கவில்லை. "எழுந்திரிங்க ஆன்ட்டி" என்றாள், அவ்வளவுதான். எனக்குத் தைரியமெல்லாம் வந்துவிடவில்லை. அவள் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைத்தேன். நாலாவது அடியில் ஓவென்று அழுதுவிட்டேன். அவள் விடவில்லை. "அழுதுகினே நடங்க, பரவால்ல" என்றாள்.

உங்களையும் இப்படி அழவிட்டிருக்க வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. பாவம் பார்த்தே உங்களைப் படுக்கவைத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

நாளைக் காலையில் மறுபடி பயம் வரும். வேண்டாம் என்று என் வாயே சொல்லும், என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? அதனால் செல்வியைக் கூப்பிட்டுச் சொல்லிவைத்திருக்கிறேன்: "நான் அழுதாலும் சரி, கையெடுத்துக் கும்பிட்டாலும் சரி, அந்தப் பொண்ண வாசலோட திருப்பி அனுப்பிடாத."