நீலச் சட்டைக்காரர் மேசை

கும்மிடிப்பூண்டி
14.6.2024

அன்புள்ள ஜெபாவுக்கு,

கர்த்தர் கிருபையில் நலம். நீ போனை எடுக்காததால் உன் தம்பி சாம்சனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நான் வைக்கிற குழம்பை என்னாலேயே தின்ன முடியவில்லை, போ.

கேன்டீனில் ஒரு வார்த்தை வாய் தவறி வந்துவிட்டது. அதற்காக வேலையையும் விட்டு, புருஷனையும் விடுவார்களா? நான் பெர்மனென்ட் ஆகி அதிக நாளாகவில்லை. பழைய பெர்மனென்ட் ஆட்களான நீலச் சட்டைக்காரர்கள் இப்போதுதான் என்னைப் பக்கத்தில் சேர்க்கிறார்கள். கொஞ்சம் புரிந்துகொள்.

அன்புடன்,
எட்வர்ட்


கடம்பத்தூர்
19.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். குழம்பில் புளியைக் குறைத்துப் போடுங்கள், வயிறு கெடும்.

வாய் தவறி வந்த வார்த்தையா அது? ஒரே கம்பெனியில் வேலை செய்கிறோம், ஒருநாளாவது சேர்ந்து சாப்பிடலாமே என்றுதான் தட்டோடு நீலச் சட்டைக்காரர் மேசைக்கு வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்தேன். "யாருப்பா இது?" என்றார் உங்கள் பக்கத்திலிருந்த யேசுதாஸ். நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே, "காண்ட்ராக்ட் பொண்ணுண்ணே, தெரியாம உக்காந்துகினு கீது. இவுங்களுக்கு சுத்தபத்தமே கெடையாது" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

உங்கள் அப்பாவை நிலத்துக்காரர்கள் சொன்னதும் இதே வார்த்தைதானே? அதை என்னிடம் சொல்லி அழுதவர் நீங்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

ஜெபா


கும்மிடிப்பூண்டி
24.6.2024

ஜெபா,

அப்பாவை இழுக்காதே. அவர் வாசலுக்கு வெளியே நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தவர். அவர் பிள்ளையின் தோளில் இன்று யேசுதாஸ் அண்ணன் கைபோட்டு "வாடா தம்பி" என்கிறார். அந்தக் கை விலகிவிடுமோ என்று பயந்துவிட்டேன். ஒரு இடத்திலாவது நாம் உசத்தியாக இருக்கக்கூடாதா?

இனி நீ வேலைக்கே போகவேண்டாம். பெர்மனென்ட்காரன் மனைவி என்று கௌரவமாக இரு. அப்புறம் யாரும் உன்னைக் காண்ட்ராக்ட் என்று சொல்ல முடியாது. ஜூலை 7ஆம் தேதி ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் வந்து கூட்டிப்போகிறேன்.

உன்
எட்வர்ட்


கடம்பத்தூர்
2.7.2024

மாமாவுக்கு,

இங்கே வேறொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். காலையில் வேன் வரும். உள்ளூர்ப் பெண்கள் முன்னால் உட்காருவோம், ஒடிசாப் பெண்கள் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு வருவார்கள். யாரும் போட்ட சட்டமில்லை, அப்படியே நடக்கிறது.

நேற்று அவர்களில் ஒரு சின்னப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காய்ச்சல்போல, உடம்பு சுட்டது. எங்கள் தெரு குணசுந்தரி திரும்பி என்னையே பார்த்தாள். "ஏய், பின்னால போ" என்றேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. நான் கையை ஆட்டியது புரிந்தது. எழுந்து போய், வழி முழுக்க நின்றுகொண்டே வந்தாள்.

அதுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசாத குணசுந்தரி, டப்பாவைத் திறந்து, "நாஷ்டா துன்னியா?" என்று இட்லியை நீட்டினாள். வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது மாமா. அதுதான் தாங்கவில்லை.

நானும் அதையே செய்தபின் உங்கள்மேல் இருந்த கோபம் போய்விட்டது. அது இருந்தவரை, நான் திரும்பி வந்து உங்களைப் பழைய ஆளாக்கிவிடலாம் என்று ஒரு நம்பிக்கையும் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள்.

ஜெபா