உனக்குத் தனி டம்ளர் வைத்த நாள்

இன்று மத்தியானம் சென்டரில் யாரோ நகப்பாலிஷ் பாட்டிலைத் திறந்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. மற்றவர்களுக்கு அது கல்யாண வீட்டு வாசனை, எனக்கு உன் கைப்பை வாசனை. இத்தனைக்கும் நீ ஒரு நாளும் நகத்துக்குப் பூசி நான் பார்த்ததில்லை.

ஓசூர் சிப்காட் பக்கத்து லைன் வீட்டில், ஷிப்ட் முடிந்த பகல்களில், நாம் நாலைந்து பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு போதை ஊசி போட்டுக்கொண்ட காலம் அது. ஒரே ஊசி கைமாறும். ஒரு பன்னை நாலாய்ப் பிய்த்துத் தின்கிறவர்களுக்கு ஊசியில் மட்டும் என்ன பிரிவினை என்றிருந்தோம். நீயும் எங்களில் ஒருத்திதான். அதனால்தான், நோய் தொற்றாமலிருக்க ஆளுக்கொரு புது ஊசி கொடுக்கும் சென்டர்காரர்கள் உன்னைப் பிடித்துப் பயிற்சி கொடுத்து எங்களிடமே திருப்பி அனுப்பினார்கள். வந்த அன்றைக்கே, நான் நீட்டிய ஊசியை வாங்க மாட்டேன் என்றாய். எனக்குச் சுருக்கென்றது.

"என்னாடி, எங்கிட்டயே எச்சில் பாக்குறியா?"

"ஆமா, பாக்குறேன். நீ எனக்கு வேணும், அதான் பாக்குறேன். வேண்டாதவகிட்ட எதுக்குப் பாக்கணும்?"

பையிலிருந்து புது ஊசிகளை எடுத்தாய். ஒவ்வொன்றிலும் நகப்பாலிஷால் ஒரு பொட்டு வைத்தாய். எனக்குச் சிவப்பு, உனக்கு நீலம். "இனிமே அவங்கவங்க எச்சில் அவங்கவங்களுக்கு" என்றாய். வெளியாள் யாராவது வந்து சொல்லியிருந்தால் விரட்டியிருப்போம். நீ சொன்னதால் கேட்டோம்.

ஆனால் நம் ஆட்கள் ஒன்றைச் சொன்னால் ஒன்பதாகப் பிடித்துக்கொள்வார்கள். சில மாதம் கழித்து, உனக்கு எச்.ஐ.வி. இருப்பதை நீயே எல்லாரிடமும் சொன்னாய். மறுநாள் வந்து பார்த்தால், சென்டர் ஜன்னலில் உனக்கென்று ஒரு டம்ளர் தனியாக இருந்தது. அதிலும் ஒரு நீலப் பொட்டு. வைத்தவர்களுக்கு உன்மேல் கோபமில்லை. நீ சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்திருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. உனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அதுவும் நின்றது.

"தப்பு என்னோடதுதான்டி. புரியட்டும்னு எச்சில்னு சொல்லிட்டேன். அந்த நோய் எச்சில்ல வராது, ரத்தத்துல வரும். நாளையிலேர்ந்து ரத்தம்னே சொல்லணும்."

நாளை வரைக்கும் உனக்குப் பொறுக்கவில்லை. தெலுங்குக்காரிகளிடம் தெலுங்கில், கன்னடக்காரிகளிடம் கன்னடத்தில், அன்றைக்கே ஒவ்வொரு கதவாகத் தட்டி, முன்பு சொன்னது பிசகு என்று சொன்னாய். போகிற இடமெல்லாம் ஒரே டீயை நாம் இருவரும் மாற்றி மாற்றிக் குடித்துக் காட்டினோம். அத்தனை டீயில் எனக்கு அன்று தூக்கமே போய்விட்டது.

அப்புறம் பல வருடம் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு, எங்களையெல்லாம் பரிசோதனைக்கு விரட்டிக்கொண்டு, திடமாகத்தான் இருந்தாய். உன்னைக் கொண்டுபோனது டெங்கு. "அந்த நோய்லதான போனா?" என்று கேட்கிறவர்களிடம், "இல்ல, கொசு கடிச்சு" என்கிறேன். நம்ப மாட்டேன் என்கிறார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது. அந்த ஆத்திரத்தோடுதான் உன் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் முன்பு பவித்ரா வந்தாள். விழுப்புரத்துப் பக்கத்துப் பெண், அப்போது வயிற்றில் பிள்ளை. வீட்டுக்காரர் போட்டு முடித்த ஊசியையே இவளும் போட்டுக்கொள்வாள். ஓசூரில் தெரிந்தவர்கள் பார்ப்பார்களென்று கிருஷ்ணகிரிக்குப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். அங்கே பெஞ்சை விட்டு எழ மாட்டேன் என்றாள். நோய் இருப்பது தெரிந்து மருந்து தொடங்கினால் பிள்ளையைக் காப்பாற்றலாம். அவள் திரும்பிப் போய்விட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

"அவரு சாப்ட்ட தட்டுல சாப்புடுறவ நானு. டெஸ்ட் எடுத்துட்டு வந்து ஊசிய மட்டும் வேணாம்னா என்னா நெனப்பாரு அக்கா?"

நல்லவேளை, உன் பழைய பாடத்தை நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தட்டையும் பிரித்திருப்பாள்.

"தட்டுல தாராளமா சாப்புடு கண்ணு, ஒண்ணும் ஆவாது. அந்த ஊசில இருக்கறது ரத்தம். அதுல உனக்கு வந்திருந்தா புள்ளைக்கும் போவலாம். இப்பவே தெரிஞ்சா மாத்திரை இருக்கு. வா."

எழுந்தாள். நோய் இருந்தது. அன்றே மாத்திரையைத் தொடங்கினாள். பையன் பிறந்தான். அவனுக்கு இல்லை என்று போன வாரம் கடைசிப் பரிசோதனையும் சொல்லிவிட்டது.

சொன்னது பிசகு என்று தெரிந்தால் அன்றைக்கே போய்த் திருத்திச் சொல்லும் பழக்கத்தை உன்னிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அது இருப்பதால் இந்த வேலையில் எனக்குப் பயமில்லை.

நேற்று, இத்தனை நாள் முரண்டு பிடித்த வீட்டுக்காரரைப் பவித்ரா சென்டருக்குக் கூட்டி வந்தாள். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். நான் எழுந்து வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"உள்ள வாங்க. நானும் இப்பிடித்தான் பயந்தேன். எனக்கு இருக்கு, நல்லாத்தான் இருக்கேன். பையனுக்கு இல்ல. உங்களுக்கு என்னான்னு பாத்துக்கலாம், வாங்க."

நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.