கிரகணத்தன்று நறுக்கிய மாங்காய்

அண்ணி,

இன்று செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் ஈரப் பஞ்சால் என் நெற்றிக் குங்குமத்தைத் துடைத்துவிட்டாள். பஞ்சில் ஸ்பிரிட் வாசனை. காயத்ரி பிறந்த வார்டு அப்படியே மூக்கில் ஏறியது.

உங்கள் மகள் காயத்ரி இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. தனக்கிருந்த உதட்டுப் பிளவு பிள்ளைக்கும் வருமோ என்று கேட்கப் போனாள். அங்கே சொந்தக்காரர்களின் முகங்களையும் படமெடுத்து அளந்து ஆராய்கிறார்கள். அண்ணனும் இல்லை, அப்பா வழிக்கு நான்தான் என்று உட்கார்ந்தேன். நாலு பக்கமும் கேமரா. கம்ப்யூட்டரில் என் முகம் பொட்டில்லாமல், நிறமில்லாமல், மாமல்லபுரத்துப் பட்டறையில் கண் திறக்காத சிலை போலத் திரும்பியது. அதில் புள்ளி புள்ளியாக வைத்து அளந்தார்கள்.

டாக்டரம்மா என் மேலுதட்டைத் தொட்டார். "இங்க லேசா ஒரு கோடு இருக்கு பாருங்க. மூக்கும் ஒரு பக்கம் துளி எறக்கம். சில குடும்பத்துல பிளவு இல்லாதவங்க மூஞ்சிலயும் இப்டி சின்ன அடையாளம் இருக்கும். அதைத்தான் தேடறோம்."

"அப்ப கத்தியால வர்லியா?" என்றேன்.

"எந்தக் கத்திம்மா?"

எந்தக் கத்தி என்று உங்களுக்குத் தெரியும். கிரகணத்தன்று, வயிற்றில் அவளை வைத்துக்கொண்டு, நீங்கள் மாங்காய் நறுக்கி உப்புத் தொட்டுத் தின்றதைப் பார்த்தவள் நான். பிள்ளை பிறந்ததும் வார்டு முழுக்கச் சொன்னவளும் நான். "மாங்காவுக்கு ஆசப்பட்டு கொயந்த ஒதட்ட அறுத்துட்டாங்க!" நீங்கள் பாலாடையைச் சாய்த்துச் சொட்டுச் சொட்டாகப் பால் விட்டுக்கொண்டே, நிமிராமல் சொன்னீர்கள்: "மொதல்ல இது குடிச்சி முடிக்கட்டும். அப்பால கீது உனக்கு!"

அந்த 'அப்பால' வரவேயில்லை. எடை ஏறினால்தான் ஆபரேஷன் என்றார்கள். உங்களுக்குச் சண்டை போட ஏது நேரம்? அவளுக்கு நாலு வயதில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. வளர்த்த நான் சோற்றோடு அந்தக் கதையையும் சேர்த்தே ஊட்டினேன்.

"இது ஒரே காரணத்தால வர்றது இல்லம்மா. யார் மேலயும் தப்பு இல்ல. கத்தியும் கிரகணமும் காரணமே கெடையாது" என்றார் டாக்டரம்மா.

வெளியே பெஞ்சில் காயத்ரி, பக்கத்தில் அவள் மாமியார். "இன்னா சொன்னாங்க அத்தே?"

இரண்டு பேர் முன்னாலும் சொன்னேன். "உங்கம்மா ஒண்ணும் பண்லடீ. நான்தான் தெரியாம சொல்லிகினு திரிஞ்சேன். எம் மூஞ்சிலயே கீதாம் அடையாளம்." மாமியார் வாயைத் திறந்தார். கையைக் காட்டி நிறுத்தினேன்.

காயத்ரி மதுராந்தகம் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கேட்டாள். "எம் மூஞ்சில எங்கம்மா எங்க கீறாங்க?" இத்தனை வருடத்தில் உங்களைப் பற்றி அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

"தாடைல. பதில் பேசாம புடிச்சிகினு நிக்குமே, அந்தத் தாடை."

ஏரிக்கரை வரும்வரை அவள் தாடையிலிருந்து கையை எடுக்கவில்லை.

அடுத்த கிரகணம் விட்டதும் நான் தலை முழுகத்தான் போகிறேன், அண்ணி; அதை யாருக்காகவும் விடமாட்டேன். ஆனால் உங்கள் பேரை இனி யாரும் அதில் இழுக்கக் கூடாது. யார் யாரிடம் சொன்னேன் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறேன். தெருவில் எல்லோரும். கோயிலில் மாவிளக்குப் போட வந்தவர்கள். உங்களைப் பெற்ற அம்மாவிடமே சொல்லியிருக்கிறேன்.

அவர் இன்னும் இருக்கிறார். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் அங்கேதான் போகிறேன்.