மார்ச் முதல் தேதி விழா

சங்கரன்கோவில்
14.10.1980

கர்த்தருக்குள் அன்பான தம்பி பவுல்பாண்டியனுக்கு,

பிள்ளையின் போட்டோ கிடைத்தது. மூக்கு அப்படியே அப்பா மூக்கு. அப்பாவிடம் காட்டினேன். "நல்லா இருக்கான், யாரு பிள்ள?" என்றார். பவுலின் மகன் என்றேன். "பவுலுக்குக் கல்யாணம் ஆயிட்டா? எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே" என்று என்னிடம் கோபித்துக்கொண்டார்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் பழைய டூரிங் டாக்கீசுக்கே போய்விட்டது. இங்கிலீஷ் படம் ஓடும்போது மைக்கைப் பிடித்துக்கொண்டு ஜனங்களுக்குத் தமிழில் கதை சொல்லுவாரே, அது இப்போது நம் வீட்டுக்குள் நடக்கிறது. படத்துக்கு முன்னால் நியூஸ் ரீலில் ஹாலிவுட் பரிசு விழா வந்தால் நேரில் போய் வந்தவர் மாதிரி அளப்பார் அல்லவா? இப்போது அந்த விழாவுக்குத் தனக்கு அழைப்பு வரவில்லையே என்று தினமும் கேட்கிறார். கோட்டை மாட்டிக்கொண்டு தபால்காரருக்காக வாசலில் நிற்கிறார். நான் பள்ளிக்கூடம் போகும்போது கதவைப் பூட்டிவிட்டுத்தான் போகிறேன். எதிர்வீட்டு ஆயிஷம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்கிறாள்.

இனி எழுதப்போவதை வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். தாலுகா ஆபீஸ் தங்கசாமியை உனக்குத் தெரியும், மனைவியை இழந்தவர். என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார். எனக்கு முப்பத்தெட்டு வயது. எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அவர் தாயார் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. அந்தச் சின்ன வீட்டில் அப்பாவையும் வைத்துப் பார்க்க வழியில்லை. "ஒங்க தம்பி வந்து அப்பாவக் கூட்டிட்டுப் போனா, லெந்துக்கு முன்னால முடிச்சிரலாம்" என்கிறார். லெந்து நோன்பு நாற்பது நாளும் நம் ஆலயத்தில் கல்யாணம் கிடையாது, பிறகு ஈஸ்டர் கழிய வேண்டும். தாயாரை வைத்துக்கொண்டு அவரால் அவ்வளவு தள்ளிப்போட முடியாது. வருகிற மார்ச் நாலாம் தேதி சாம்பல் புதனோடு லெந்து தொடங்குகிறது. அதற்குள் வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ.

அன்பு அக்கா,
ஞானரத்தினம்


லாஸ் ஏஞ்சல்ஸ்
3.11.1980

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு பேரும் படித்தோம். தங்கசாமி அண்ணாச்சி தங்கமான மனுஷர். மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

நான் வரத்தான் வேண்டும். ஆனால் இப்போது பகலில் ஒரு வேலை, சாயங்காலம் ஒரு வேலை. வீடு வாங்கிய கடன் கழுத்தைப் பிடிக்கிறது. லீவு கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள். டிசம்பரில் பார்க்கிறேன்.

அப்பாவிடம் சொல்லுங்கள், அந்தக் காலத்தில் விழாவை விருந்தோடு நடத்திய ஒரு ஹோட்டல் பக்கமாகத்தான் தினமும் பஸ்ஸில் போகிறேன். வாசலில் கோட்டும் தொப்பியுமாக ஒரு ஆள் நிற்கிறான். மற்றபடி ஆபீஸ்காரர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய் வருகிற இடம்தான்.

அன்புத் தம்பி,
பவுல்


சங்கரன்கோவில்
1.12.1980

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் அப்பா பின்கதவு வழியாக இறங்கி, பஸ் ஏறி வாசுதேவநல்லூர் வரை போய்விட்டார். கண்டக்டர் கபீர் அடையாளம் தெரிந்து, திரும்பும் வண்டியில் கூட்டிவந்து விட்டார். அழைப்பு வாங்கப் போனாராம். நான் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

டிசம்பரில் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். லீவு கேட்டுப் பார்த்தாயா? தங்கசாமி ஆலயத்தில் என்னைக் காணும்போதெல்லாம் ஒன்றும் கேட்காமல் நிற்கிறார். கேட்டுவிட்டால்கூடத் தேவலை. எனக்கு அலுத்துவிட்டது பவுல். சாப்பிட உட்கார்ந்தால் அப்படியே தூங்கிவிடுகிறேன்.

அக்கா,
ஞானரத்தினம்


லாஸ் ஏஞ்சல்ஸ்
20.12.1980

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். லீவு கிடைக்கவில்லை. என்மேல் வருத்தப்படாதீர்கள்.

என்னால் ஆனது, இத்துடன் ஒரு கார்டு வைத்திருக்கிறேன். இங்கே அச்சுக்கடை வைத்திருக்கும் நண்பரிடம் சொல்லி, அப்பா பெயருக்கு விழா அழைப்பு மாதிரியே பொன் எழுத்தில் அடித்து வாங்கினேன். நிஜம் போலத் தெரிய வேண்டும் என்று மார்ச் 1 என்று தேதியும் போட்டேன். இனி வாசலில் போய் நிற்க மாட்டார். உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

அன்புத் தம்பி,
பவுல்


சங்கரன்கோவில்
12.1.1981

அன்புள்ள தம்பிக்கு,

கார்டு வந்தது. அப்பா வாசிக்க வாசிக்க அழுதார். உண்மைதான், இப்போது வாசலில் நிற்பதில்லை. அதற்குப் பதிலாகப் பெட்டி கட்டுகிறார். நான் பிரித்து வைக்கிறேன், அவர் மறுபடியும் கட்டுகிறார். மற்றதெல்லாம் மறந்துபோகிறவருக்கு இந்தத் தேதி மட்டும் மறக்கவில்லை. "பவுல் வந்து கூட்டிட்டுப் போவான். விழா முடிஞ்சதும் அவன் வீட்டுலேயே தங்கிக்கிடுதேன்" என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லுகிறார்.

கார்டு அடிக்க நேரம் இருந்திருக்கிறது உனக்கு. அதில் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தது நீதான், நான் இல்லை. அந்த வாக்கையாவது காப்பாற்று. கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கக் கொடுக்கலாமா என்று தங்கசாமி கேட்டுவிட்டார். மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை வாசித்தால்தான் கல்யாணம் என்பது உனக்குத் தெரியாததா? மாத முடிவுக்குள் சொல்கிறேன் என்றேன். ஆம் என்றால் தந்தி கொடு.

அக்கா,
ஞானரத்தினம்


லாஸ் ஏஞ்சல்ஸ்
29.1.1981

அன்புள்ள அக்காவுக்கு,

தந்தியில் இதையெல்லாம் விளக்க முடியாது என்றுதான் கடிதம் எழுதுகிறேன். ஜூனில் கட்டாயம் வருகிறேன். டிக்கெட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. தங்கசாமி அண்ணாச்சியை அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள், நல்ல மனுஷர், புரிந்துகொள்வார். அப்பாவிடம் விழாவை ஜூனுக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடுங்கள்.

அன்புத் தம்பி,
பவுல்


சங்கரன்கோவில்
2.3.1981

பவுலுக்கு,

நேற்று ஞாயிறு ஆராதனையில் குருவானவர் மூன்றாம் ஓலை வாசித்தார். மணமகன் தங்கசாமி. மணமகள் ராயகிரி சுந்தரபாய். நாளைக்குக் கல்யாணம். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் தவணை சொன்ன ஜனவரி முடிவு வரை பொறுத்திருந்தார், அதற்குமேல் அவர் தாயாரைத் தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டாமா? ஓலை வாசிக்கும்போது தலையை நிமிர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன்.

கதவைத் திறந்தால் அப்பா கோட்டோடு நிற்கிறார். மார்ச் முதல் தேதி அல்லவா? விழா தள்ளிப்போய்விட்டது என்று நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். "அதெப்படி, ஜனம் வந்து ஒக்காந்தாச்சே" என்றார். அரிசி டிரம்மின் மேல் டார்ச் லைட்டை நிமிர்த்தி வைத்திருந்தார். அதுதான் பரிசு. என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, அந்தப் பழைய குரலில் ஆரம்பித்தார்.

"மகா ஜனங்களே, பெத்த தகப்பன நல்லா வச்சுப் பாத்த பிள்ளைக்கு உள்ள பரிசு இது. இந்த வருசம் அத வாங்கப் போறது, மிஸ்டர் பவுல்பாண்டியன்."

யாரும் எழுந்து வரவில்லை. அப்பா வாசல் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆள் வரலன்னா வேற ஒருத்தர் வாங்கிக்கிடலாம், அங்கன அது வழக்கந்தான். ஏம்மா, நீங்க அவருக்கு என்ன வேணும்?"

அக்கா என்றேன்.

"அப்ப நீங்களே வாங்கிக்கிடுங்க தாயி" என்று இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார். வாங்கினேன். வாங்கினவர்கள் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். தம்பியால் வர முடியவில்லை, அதனால் நான் வந்திருக்கிறேன் என்றேன். அப்பா வெகுநேரம் கை தட்டினார்.

ஜூனில் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அப்பாவை நான் பார்த்துக்கொள்வேன். டார்ச்சை இன்றைக்கே பார்சலில் போடுகிறேன், அது உனக்குக் கிடைத்த பரிசு. இனிமேல் உனக்குப் பதிலாக நான் எதையும் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

ஞானரத்தினம்