நகராத அம்பும் நாட்காட்டித் தாள்களும்

அன்பு மகன் சிவநேசனுக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகம், என் முழங்காலைத் தவிர. நீயும் சுகம் என்றுதான் சொல்கிறாய், ஆனால் உன் குரல் அப்படிச் சொல்லவில்லை, கேட்டால் லைன் சரியில்லைம்மா என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். புக்கிட் மெர்தாஜாமில் உன் அக்கா ஷர்மினி வீட்டுக்குப் போயிருந்தோம், எல்லோரும் உன்னைக் கேட்டார்கள், நீ வேலையை விடப்போவதை நான் வாய் திறந்து சொல்லவில்லை.

திங்கட்கிழமை ராஜினாமா கொடுத்துவிட்டு இனி முழுநேரமும் விலை ஏறி இறங்குவதைப் பார்த்து வாங்கி விற்கிற அந்த டிரேடிங்தான் என்கிறாய். விலைப் படத்தில் அம்பு போட்டுக் காட்டுகிற அந்த இண்டிகேட்டர் ரீபெயிண்ட் ஆகாதாம், வாங்கு, விற்றுவிடு என்று ஒருமுறை போட்ட அம்பை அப்புறம் மாற்றவே மாற்றாதாம். நீ அனுப்பின படத்தில் மூன்று மாதமும் ஓர் அம்புகூடத் தப்பாகப் போகவில்லை, அங்கேதான் எனக்கு உதைத்தது. முப்பத்திரண்டு வருடம் வார்டில் காய்ச்சல் சார்ட் எழுதினவள் நான். நேரத்துக்குப் போய்ப் பார்க்காமல், டியூட்டி முடியும்போது எல்லாக் கட்டத்தையும் ஒரே மூச்சில் நிரப்புகிற நர்ஸ் பிள்ளைகளை எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன் தெரியுமா, அவர்கள் சார்ட்தான் ரொம்ப அழகாக இருக்கும்.

இதெல்லாம் தெரிந்த பக்கத்து வீட்டு ஹரீஷைக் கேட்டேன். அந்த நாள் கணக்கு முடியும்வரைக்கும் அம்பு ஆடும் லா ஆன்ட்டி, முடிஞ்ச பிறகு நகரக்கூடாது என்றான். சரியென்று, அந்த அம்புப் படத்தைப் பார்க்க நீ கொடுத்த லிங்க்கைத் தினமும் காலையில், முந்தின நாள் கணக்கு முடிந்தபின் திறந்து பார்த்து, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்னால் பேனாவால் குறித்தேன். மூன்று வாரத்தில் எட்டு அம்பு. நேற்றுப் பார்த்தால் அந்த எட்டில் ஐந்துதான் இருக்கிறது, தப்பாகப் போன மூன்றையும் காணோம்! நான் ஒருநாளும் பார்க்காத பச்சை அம்பு ஒன்று, விலை ஏறத் தொடங்கின இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. தாள்களின் படமும் இத்துடன் வருகிறது, நீயே பார்.

இன்னொன்று. தீபாவளிக்கு முந்தின வாரம், அந்த அம்பை நம்பிக் கொஞ்சம் அடி வாங்கிட்டேன்மா என்று நீதான் போனில் சொன்னாய். நேற்று அதைக் கேட்டால், நான் அப்படிச் சொல்லவே இல்லை, நீங்கதான் தப்பா கேட்டிருப்பீங்க என்கிறாய். தப்பாகக் கேட்கவில்லை தம்பி, அப்போது முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன், நீ சொன்னதைக் கேட்டு நின்றதில் ஓர் ஈடு கருகியே போய்விட்டது. அம்பை அழிக்கிறவன் யாரோ, அவனைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நீ சொன்னதை நீயே அழிக்கிறாயே, அதுதான் கவலை. எவ்வளவு பணம் போயிற்றோ உள்ளபடி சொல், திட்டமாட்டேன், அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

தண்ணீர்மலை முருகன் உன்னைக் காப்பாற்றட்டும். வேளைக்குச் சாப்பிடு. திங்கட்கிழமை அந்த ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்காதே. அந்த நர்ஸ் பிள்ளைகளிடம் ஒன்றுதான் சொல்வேன், பார்க்காத கட்டத்தைக் காலியாக விட்டாலும் டாக்டர் வந்து பார்த்து வைத்தியம் செய்வார், பொய்யாக நிரப்பினால் யாருமே வரமாட்டார்கள் என்று.

உன் அம்மா,
நல்லம்மாள்