கழுவிய முகம்

சிஸ்டர்,

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை உங்கள் சோப்பு வாசனை வந்தது. நம் மலை ஆஸ்பத்திரியில், பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் மகள், தலைப்பிரசவம். புதிதாக வந்திருக்கும் நர்ஸ் பெண் கதவைத் திறந்து வந்தவள், எங்களிடம் பேசாமல் நேரே குழாயடிக்குப் போனாள். அதே வேப்பெண்ணெய் சோப்பு. முகம் கழுவித் துடைத்து, பொட்டைச் சரிசெய்துகொண்டு, சிரித்தபடி வந்தாள்.

"நல்லா இருக்குதுங்கம்மா உங்க பொண்ணு. ஒன்னும் பயமில்லீங்க."

பக்கத்தில் இருந்த சம்பந்தியம்மா பெருமூச்சு விட்டார். "மொகம் தெளிவா இருக்குதுங்க. இனிக் கவலையில்லீங்க" என்றார். எனக்கு மட்டும் அந்தத் தெளிவைப் பார்த்துத்தான் பயம் வந்தது.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உங்களுக்குத் தெரியாததா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னை எவ்வளவு கேலி செய்திருக்கிறீர்கள். என் அங்கன்வாடியில் ஒரு குழந்தை தும்மினால்கூடத் தூக்கிக்கொண்டு உங்களிடம் ஓடிவருவேன். "அம்மிணி, மொதல்ல உன்னயத்தான் பெட்டுல போடோணும்" என்பீர்கள். ஆனால் செவ்வாய்க்கிழமைப் பயம் வேறு. அது உங்களிடமிருந்து வந்த பயம்.

என் தங்கையின் பிரசவம் உங்களுக்கு மறந்திருக்காது. மலையில் திண்ணனூர் நாட்டுப் பகுதியில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து டோலி கட்டித் தூக்கிவந்து, ரோட்டில் ஜீப் பிடித்து உங்களிடம் சேர்த்தோம். எங்கள் வீட்டில் யாருக்கும் ஆஸ்பத்திரி வாய்ப்பேச்சில் நம்பிக்கை கிடையாது. நர்ஸின் முகத்தைத்தான் பார்ப்போம். முகம் விழுந்திருந்தால் ஆள் தேறாது. தேறாத ஆளை, உயிர் இருக்கும்போதே வீடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும்.

அன்று கதவைத் திறந்து வந்தீர்கள். கண் குழி விழுந்து, உதடு வெளிறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அப்பா அந்த முகத்தை ஒருதரம் பார்த்தார். "முடிஞ்சுதுங்க. எம் புள்ளய ஊட்டுக்கே கொண்டுட்டுப் போயர்றோம்" என்று உள்ளே போனார். வலியில் துடித்தவளை வாரியெடுத்து வந்து ஜீப்பில் கிடத்தினார். நானும் ஒப்பாரி வைத்துக்கொண்டே பின்னால் ஏறினேன்.

வண்டி கிளம்பும்போது நீங்கள் ஓடிவந்து குறுக்கே நின்றீர்கள்.

"அவ நல்லாத்தானுங்க இருக்கறா! எனக்குத்தான் முடியல. மாத்தி உட ஆளில்லாம முந்தாநேத்துலருந்து நிக்கறனுங்க, பச்சத் தண்ணி பல்லுல படல. எம் மூஞ்சியப் பாத்துட்டா புள்ளயத் தூக்கிட்டுப் போறீங்க?"

திரும்பக் கொண்டுவந்து படுக்க வைத்த கொஞ்ச நேரத்தில் தங்கைக்கு மகன் பிறந்தான். நீங்கள் குறுக்கே நிற்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்கப் பயமாக இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் குழாயடிக்கு அந்தச் சோப்பு வந்தது. முகம் கழுவாமல் நீங்கள் யாரிடமும் பேச வெளியே வருவதில்லை. "நான் உங்க நாடியப் பாக்கறேன், நீங்க என்ற மூஞ்சியப் பாக்கறீங்க" என்று சிரிப்பீர்கள். எங்களுக்கும் நிம்மதியாகிவிட்டது. யாரும் நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. மாற்று ஆள் மட்டும் வரவே இல்லை, அது எங்கள் கண்ணில் படவும் இல்லை. ஒருநாள் நெஞ்சை நீவிக்கொண்டு, "கேஸ் டிரபிளு அம்மிணி" என்றீர்கள். முகம் பளிச்சென்று இருந்தது. உங்களுக்காகப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வாரமே, டூட்டி முடிந்து மலையிறங்கிப் போய், உங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அப்படியே சாய்ந்த நீங்கள் பிறகு எழவே இல்லை என்று செய்தி வந்தது.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை எழுந்து குழாயடிக்குப் போனேன்.

"சாப்டீங்களா கண்ணு?"

"ஆச்சுங்கம்மா." சோப்பு டப்பாவை மூடி வைத்தாள்.

"எப்பங்க?"

அவளுக்குக் கண் நிரம்பிவிட்டது. "நேத்துக் காலைலங்க. வர வேண்டிய அக்காளுக்குக் காச்சலு. அவங்க டூட்டியையும் நானே சேத்திப் பாக்கறனுங்க."

மகளுக்கென்று கொண்டுபோன சாமைச் சோற்றையும் அவரைக் குழம்பையும் திறந்து அவள் முன்னால் வைத்தேன். உள்ளே ஆயா துணைக்கு இருந்தாள். ஆனாலும் மகள் முனகும் ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இந்தப் பெண்ணை எழுப்பி உள்ளே தள்ளிவிடலாமா என்றுகூட இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

பாதிச் சோற்றில் அவள் கை நின்றது.

"ஏனுங்கம்மா, தலவலிக்குதுன்னு உங்க பொண்ணு எங்கிட்டச் சொல்லுச்சுங்களா?"

"உள்ள படுக்க வெச்சப்பவே சொன்னாளுங்க, நானுந்தான் கூட நின்னேன். கண்ணு மசமசங்குதுன்னும் சொன்னா."

"காதுல உளுந்துச்சுங்க. மண்டைல ஏறல."

கையை மட்டும் கழுவிக்கொண்டு உள்ளே ஓடினாள். பிரஷர் எகிறிக் கிடந்தது. டாக்டரைக் கூப்பிட்டாள், ஊசி போட்டாள், ஆம்புலன்ஸை வரவழைத்தாள். மகளை ஏற்றிவிட்டுக் கதவைப் பிடித்து நின்றபோது நர்ஸ் பெண்ணுக்குத் தலை கலைந்து, பொட்டு கரைந்து, முகம் வாடிக் கிடந்தது. சம்பந்தியம்மா என் கையைக் கவ்விப் பிடித்தார். "ஐயோ சாமி, அந்த மூஞ்சியப் பாருங்க! ஊட்டுக்கே கொண்டு போயர்லாமுங்க."

"அது தூக்கமில்லாத மொகமுங்க. பேசாம ஏறுங்க" என்றேன். அப்படி என்னால் சொல்ல முடிந்ததே எனக்கு ஆச்சரியம். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பத் திரும்ப, மகளின் காலைப் பிடித்துக்கொண்டு தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். உங்களையும் கூப்பிட்டேன்.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தாள். இரண்டு பேரும் சுகம். எனக்குத்தான் இன்னும் பயம் தெளியவில்லை. அந்தப் பாதிச் சோற்றை அவள் சாப்பிடாமல் இருந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் பேத்தியை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். வாடிய முகத்தைப் பார்த்து இப்போது நான் பயப்படுவதில்லை. கழுவிய முகம் ஒன்று வந்து நின்று, ஒன்றும் பயமில்லை என்று சொன்னால்தான் பயப்படுகிறேன்.

இப்போது மலை ஆஸ்பத்திரிப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு தூக்குச் சோறு கூடுதலாக எடுத்துக்கொள்கிறேன். பஸ்ஸில் யாருக்கு என்று கேட்கிறார்கள். நர்சம்மாவுக்கு என்கிறேன். எந்த நர்சம்மாவுக்கு என்று யாரும் கேட்பதில்லை.